புதிய கல்லூரி ஹாக்கி அணிக்கு ஆட்டத் தேதி பிடிப்பது எப்படி?

ஹாக்கி என்றதும் நம்மில் பலருக்குக் கோவில்பட்டி ஞாபகம் வரும். இங்கே பேசப்போவது அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ஐஸ் ஹாக்கி பற்றி. அதிலும் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் உச்ச நிலையான டிவிஷன் 1 ஆண்கள் பிரிவு. விளையாட்டு மேலாண்மை படித்துவிட்டு அங்கே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி இப்போதுதான் ஹாக்கி அணி தொடங்குகிறது. 'ஹாக்கி ஆபரேஷன்ஸ்' என்று ஒரு பதவியைக் கொடுத்து, கூடவே ஒரு காலி காலண்டரையும் நீட்டுகிறார்கள். அதை நிரப்புவதுதான் உங்கள் முதல் வேலை.

பணம் கொடுத்தால் பெரிய அணிகள் வந்துவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. வராது. புது அணி போனாலும் எல்லா மாதத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அக்டோபரில் உங்களை வரவேற்கும் அதே கல்லூரி, பிப்ரவரியில் போனை எடுக்காது. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை கடிதம் எழுதுவதும் பேரம் பேசுவதும்தான்.

முதலில் கணக்கைப் போடுங்கள்

டிவிஷன் 1 ஆண்கள் அணி ஒன்று ஒரு சீசனில் வழக்கமாக 34 ஆட்டம் வரை ஆடலாம். ஹார்வர்ட், யேல், கார்னெல், பிரின்ஸ்டன், பிரவுன், டார்ட்மத் ஆகிய ஆறு ஐவி லீக் கல்லூரிகளுக்கு மட்டும் உச்சவரம்பு 29. அவர்கள் சீசனைத் தொடங்குவதும் தாமதம்தான். மற்றவர்கள் அக்டோபர் தொடக்கத்திலேயே இறங்கிவிட, இவர்கள் மாதக் கடைசியில்தான் வருவார்கள்.

ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நடக்கும். அதே எதிரணி, அதே ஊர், இரண்டு ஆட்டம். ஆக 34 ஆட்டம் என்றால் 17 வார இறுதிகள். அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை எண்ணினால் இருபதுக்குச் சற்று மேல் வார இறுதிகள் கிடைக்கும். அதில் டிசம்பர் பரீட்சையும் கிறிஸ்துமஸும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மிச்சமிருப்பதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கத்தின் கணக்கு. டிவிஷன் 1-இல் இருப்பது அறுபத்துச் சொச்சம் அணிகள்தான். பெரும்பாலானவை ஆறு கான்ஃபரன்ஸ்களில் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிக் கூட்டணிகள்) ஒன்றில் இருக்கின்றன: பிக் டென், ஹாக்கி ஈஸ்ட், இசிஏசி, என்சிஹெச்சி, சிசிஹெச்ஏ, அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா. பிக் டென்னில் ஏழு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஆறுடனும் நான்கு முறை ஆடும், மொத்தம் 24. 34-இல் 24 போனால் மிச்சம் 10, அதாவது ஐந்தே வார இறுதிகள். அந்த ஐந்துக்குள்தான் பழைய நட்பு, பழைய பகை, டிசம்பர் கடைசி டோர்னமெண்ட், டிவி கேட்கும் பெரிய மோதல் எல்லாம் அடங்க வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ.

இசிஏசியில் 12 அணிகள் ஆளுக்கு 22 ஆட்டம் தங்களுக்குள் ஆடுகின்றன. ஐவி கல்லூரி என்றால் 29-இல் 22 கழித்து ஏழு ஆட்டம்தான் வெளியே. அதே இசிஏசியில் இருக்கும் குவின்னிபியாக், கிளார்க்சன், கோல்கேட், யூனியன் போன்ற ஐவி அல்லாத கல்லூரிகளுக்குப் பன்னிரண்டு. கிழக்குக் கடற்கரைப் பக்கம் தேதி தேடுகிறவர் முதலில் தட்ட வேண்டியது இந்தப் பன்னிரண்டு உள்ளவர்களின் கதவை. ஹார்வர்டுடன் ஆடினோம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆசைக்கு ஒதுக்குகிற நேரத்தில் இரண்டு வார இறுதிகளை நிரப்பிவிடலாம்.

ஆறு கான்ஃபரன்ஸுக்கும் ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: யாரிடம் எத்தனை வெளி ஆட்டம் இருக்கிறது, எந்த மாதத்தில் இருக்கிறது. உங்கள் வேலையின் பாதி அந்த ஒரு தாள்.

அவர்கள் ஏன் தயங்குகிறார்கள்

சீசன் முடிவில் 16 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். ஆறு இடம் ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேராகப் போய்விடும். மீதி பத்து இடத்துக்கு யார் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. முன்பு ஆர்பிஐ என்ற மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்ட பேர்வைஸ் தரவரிசை இருந்தது. 2025-26 சீசனிலிருந்து என்பிஐ என்ற புது முறை. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: யாரை ஜெயித்தாய், யாரிடம் தோற்றாய், அவர்கள் எவ்வளவு பலம்.

பலவீனமான அணியை ஜெயித்தால் பெரிய லாபமில்லை. தரவரிசையில் சரிவை உண்டாக்கும் வெற்றியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் ஏற்பாடும் உண்டு. தோல்விக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் ஆண்டு அணியிடம் அக்டோபரில் வாங்கிய அடி மார்ச்சில் தேர்வுப் பட்டியல் வரும் நாள் வரை கூடவே வரும். பத்தாவது இடத்துக்கும் பதினோராவது இடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல ஆண்டுகளில் ஒரே ஒரு ஆட்டம்தான். அப்படியிருக்க, எதற்கு வம்பு என்று கோச் நினைப்பதில் தப்பில்லை.

சின்ன அணி என்பதற்காகத் தோற்றுப்போகும் என்று ஹாக்கியில் யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு கோல்கீப்பர் நன்றாக ஆடினால் போதும். 2006 தேசியப் போட்டியில் ஹோலி கிராஸ் கூடுதல் நேரத்தில் மினசோட்டாவை 4-3 என்று வீழ்த்தியதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆர்ஐடி (ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி) 2005-06-இல்தான் டிவிஷன் 1-க்கு வந்தது. 2010-இல் டென்வரையும் நியூ ஹாம்ப்ஷயரையும் தாண்டி கடைசி நான்கில் நின்றது. இதெல்லாம் உங்களுக்கு இனிக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் கோச்சுக்கு இனிக்காது.

இந்தக் கணக்கு உங்களையும் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். அரிசோனா ஸ்டேட் 2016-17-இல் முழு டிவிஷன் 1 அட்டவணைக்கு வந்து, எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாமலேயே 2019 தேசியப் போட்டிக்குத் தேர்வானது. சாதாரண விஷயமில்லை. அதே அணி 2023-24-இல் 24 வெற்றி, 8 தோல்வி, 6 சமநிலை என்று முடித்தும் உள்ளே போக முடியவில்லை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அணி 2022-23-இல் 22 ஆட்டம் ஜெயித்தது, அதற்கும் இடமில்லை. கான்ஃபரன்ஸ் இல்லாத அணிக்கு சாம்பியன் என்ற குறுக்குவழி கிடையாது. ஆகவே யாரோடு ஆடுகிறோம் என்பதே பாதி விதி. முதல் வருஷத்தில் தேசியப் போட்டி பற்றி யோசிப்பது அதிகப்படி என்று தோன்றலாம். ஆனால் பெரிய அணிகள் இரண்டு, மூன்று வருஷம் முன்கூட்டியே தேதி போடுகின்றன. இன்று நீங்கள் கையெழுத்திடுவது மூன்றாம் வருஷத்து அட்டவணை.

உங்களிடம் விற்க என்ன இருக்கிறது

வெறுங்கையோடு போகாதீர்கள். புது அணியிடமும் பெரிய அணி விரும்பும் சரக்கு ஏதாவது இருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம்.

இடம் முதல் சரக்கு. மினசோட்டாவிலும் மிஷிகனிலும் ஜனவரியில் வெளியே தலைகாட்ட முடியாதபோது, அரிசோனா ஸ்டேட் இருக்கும் டெம்ப்பி நகரத்து வெயிலில் ஒரு வார இறுதி என்றால் வீரர்களுக்கு மட்டுமில்லை, அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் கொண்டாட்டம். முன்னாள் மாணவர் வந்தால் நன்கொடை வரும். பெரிய கல்லூரியின் தடகள இயக்குநருக்கு இது நன்றாகவே தெரியும்.

அடுத்தது ஆள் பிடிப்பு. புது அணிகளில் ஒன்றான லிண்டன்வுட் இருப்பது செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டி. 2016 என்ஹெச்எல் டிராஃப்டின் (தொழில்முறை லீக் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் நிகழ்வு) முதல் சுற்றில் மட்டும் அந்த வட்டாரத்துப் பையன்கள் ஐந்து பேர் தேர்வானார்கள். அப்படிப்பட்ட ஊரில் வந்து ஆடுவது ஒரு கோச்சுக்கு விளம்பரம். ஏற்கெனவே அந்த ஊர்ப் பையன் ஒருவன் அணியில் இருந்தால், அவன் குடும்பத்தின் முன்னால் ஒரு ஆட்டம் ஆடவைக்கலாம் என்பதே பல கோச்சுகளைச் சம்மதிக்க வைக்கும். எதிரணியின் வீரர் பட்டியலை எடுத்து, சொந்த ஊர் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே உங்கள் மாநிலம் இருந்தால் கடிதத்தின் முதல் வரியே அதுதான்.

அலாஸ்காவுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அங்கே போய் ஆடும் ஆட்டங்கள் விருந்தாளி அணியின் 34 கணக்கில் சேராது. ஆக அலாஸ்காவுக்குப் போகிற அணி 36 ஆடலாம். தூரமும் நேர வித்தியாசமும் படுத்தும், டிக்கெட் செலவும் கடுமை. இருந்தாலும் கூடுதலாக இரண்டு ஆட்டம் என்பது கோச்சுகள் விரும்பும் விஷயம். ஆங்கரேஜும் ஃபேர்பேங்க்ஸும் கான்ஃபரன்ஸ் இல்லாமல் அட்டவணை நிரப்புவதற்கு இந்த விதி பெரிய துணை.

அரங்கம் பற்றி ஒரு வார்த்தை. புது அணிகள் பெரும்பாலும் ஊர்ப் பொது ரிங்கில், அதாவது ஐஸ் ஆடுகளத்தில்தான் தொடங்கும். அரிசோனா ஸ்டேட் பல வருஷம் ஓஷன்சைட் என்ற சின்ன ரிங்கில் ஆடியது. சுமார் 5,000 பேர் உட்காரும் மல்லெட் அரீனா 2022-இல்தான் வந்தது. அரங்கம் கட்டும் திட்டம் இருந்தால் அதையே பேரத்தில் பயன்படுத்துங்கள்: "இந்த வருஷம் நாங்கள் வருகிறோம், புது அரங்கம் திறந்த பிறகு நீங்கள் வாருங்கள்." பென் ஸ்டேட்டுக்கு 2010-இல் 8.8 கோடி டாலர் நன்கொடை கிடைத்தது; அணி 2012-13-இல் டிவிஷன் 1-க்கு வந்தது; அரங்கம் 2013-இல் திறந்தது; அதே சீசனில் பிக் டென் ஹாக்கியும் தொடங்கியது. வருங்காலம் தெளிவாகத் தெரிந்த அணியை யாரும் அலட்சியம் செய்வதில்லை.

இது எதுவும் இல்லையென்றால் மிச்சமிருப்பது உங்கள் வளைந்து கொடுக்கும் குணம். கான்ஃபரன்ஸ் இல்லாததால் எந்தத் தேதியும் உங்களால் முடியும். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். அடுத்த படி முழுக்க இதை நம்பித்தான்.

பிப்ரவரியிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள்

எல்லோரும் காலண்டரை அக்டோபரிலிருந்து நிரப்புகிறார்கள். நீங்கள் கடைசியிலிருந்து வாருங்கள். அக்டோபரில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் குறைவு. எல்லா அணிக்கும் வெளி எதிரணி தேவை. தேதி தானாக விழும். லிண்டன்வுட் 2022 அக்டோபரில் தன் முதல் டிவிஷன் 1 ஆட்டங்களை மினசோட்டாவில் போய் ஆடியது. இன்னொரு புது அணியான அகஸ்டானா அடுத்த ஆண்டு அதே மாதம் விஸ்கான்சினில் தொடங்கியது. அறிமுகமே பெரிய மேடையில். அக்டோபர் என்பதால்தான் அது நடந்தது.

ஜனவரி நடுவிலிருந்து நிலைமை வேறு. கான்ஃபரன்ஸ் அணிகள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். தனித்து நிற்கும் அணி வார இறுதியில் சும்மா பயிற்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஓய்வு வாரம். கான்ஃபரன்ஸில் அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், இரண்டிரண்டாகப் பிரித்ததும் ஒரு அணி தனியாக நிற்கும். பிக் டென்னில் ஏழு. எல்லோரும் கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடும் எந்த வார இறுதியிலும் ஒருவராவது சும்மா இருப்பார். சிலர் அதை ஓய்வுக்கு வைத்துக்கொள்வார்கள். வீரர்கள் அடிபட்டுக் களைத்திருக்கும் நேரம் அது. சிலருக்கு இரண்டு வாரம் ஆடாமல் இருப்பது பிடிக்காது. யார் எப்படி என்று கடந்த மூன்று சீசன் அட்டவணைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கான்ஃபரன்ஸ் தன் அட்டவணையை முடிவு செய்யும் நாளில் நீங்கள் போனும் கையுமாக இருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் இன்னொரு தனி அணி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் வழி, உங்களைப்போலத் தனியாக நிற்கும் அணிகள். இரண்டு அலாஸ்கா அணிகள், லிண்டன்வுட், லாங் ஐலண்ட், ஸ்டோன்ஹில் ஆகியவை கான்ஃபரன்ஸ் இல்லாத காலத்தில் ஒருவரோடொருவர் ஒரே சீசனில் பலமுறை மோதியிருக்கின்றன. வேறு வழியில்லாமல் பிறந்த பழக்கம்தான். ஆனாலும் பிப்ரவரியைக் காப்பாற்றுவது இதுதான். இவர்களிடம் வருஷா வருஷம் பேரம் பேசாதீர்கள். ஒரு முறை உட்கார்ந்து நான்கு வருஷத்துக்கு, உள்ளூர் வெளியூர் மாறி மாறி, ஒரேயடியாக எழுதிவிடுங்கள். மற்ற எந்தத் தேதிக்கும் முன்னால் இதை முடிக்கச் சொல்வேன்.

மூன்றாம் வழி, ஒரு கான்ஃபரன்ஸோடு மொத்தமாகப் பேசுவது. கொரோனா சீசனான 2020-21-இல் அரிசோனா ஸ்டேட் பிக் டென் அணிகள் ஏழுடனும் தலா நான்கு ஆட்டம், எல்லாம் எதிரணியின் ஊரிலேயே, என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட இல்லை. விதிவிலக்கான வருஷம்தான், விலையும் அதிகம்தான். ஆனால் சீசன் பிழைத்தது. சாதாரண காலத்தில் இவ்வளவு வேண்டாம். ஒரு கான்ஃபரன்ஸின் ஓய்வு வார அணிகள் எல்லாம் அந்த வாரம் உங்களோடு ஆடும் என்று பேசிப்பாருங்கள். கான்ஃபரன்ஸை நடத்தும் கமிஷனருக்கும் தலைவலி குறையும். அகஸ்டானாவைப் போல, கான்ஃபரன்ஸில் படிப்படியாக நுழையும் பேச்சு நடந்துகொண்டிருந்தால் இது இன்னும் சுலபம். செயின்ட் தாமஸ் 2021-இல் டிவிஷன் 3-இலிருந்து நேராக சிசிஹெச்ஏவுக்குள்ளேயே வந்து இறங்கியது. அவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. கொடுத்துவைத்தவர்கள்.

டிசம்பர் கடைசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு அணி டோர்னமெண்ட்கள் அப்போது பல இடங்களில் நடக்கும். மிஷிகன் மாநிலத்தில் 1965-இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ் இன்விடேஷனல் அவற்றில் பழையது. நடத்துபவர்கள் எப்போதும் நான்காவது அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்காலிக்குப் புது அணி பொருத்தம். இன்னொரு அனுகூலம்: டிசம்பர் 26 வாக்கில் உலக ஜூனியர் போட்டி தொடங்கும், பெரிய அணிகளின் நல்ல பையன்கள் சிலர் அங்கே போயிருப்பார்கள்.

டிவிஷன் 3 அணிகளோடும் கனடியப் பல்கலைக்கழகங்களோடும் ஆடி இடத்தை நிரப்பலாமா? ஆடலாம், அரிசோனா ஸ்டேட் 2015-16-இல் கலவையாகத்தான் ஆடியது. ஆனால் அவை தரவரிசையில் சேராது. சீசன் தொடக்கத்தில் ஒன்றிரண்டு போதும்.

யாரிடம், எப்போது கேட்பது

பெரும்பாலான இடங்களில் அட்டவணை தலைமை கோச்சின் கையில், அல்லது அவர் நம்பும் உதவிக் கோச்சின் கையில். ஆபரேஷன்ஸ் ஆள் பேசி முடிப்பார்; கையெழுத்து தடகளத் துறையிலிருந்து வரும். கோச் சரி என்று சொன்னதும் ஆட்டம் உறுதி என்று சந்தோஷப்பட்டு விளம்பரம் செய்துவிடாதீர்கள். நிதிப் பிரிவும் விதி பார்க்கும் பிரிவும் இன்னும் பார்க்கவில்லை.

ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் அமெரிக்க ஹாக்கி கோச்சுகள் சங்கத்தின் மாநாடு நடக்கும். விதி மாற்றம் பற்றிக் கூட்டங்கள் ஒரு பக்கம் நடக்க, வராந்தாவிலும் நீச்சல் குளத்தோரத்திலும் தேதிகள் கைமாறும். உங்கள் கல்லூரி பயணச் செலவில் எதை வெட்டினாலும் இதை வெட்டவிடாதீர்கள். பெரிய நடிகரிடம் கால்ஷீட் கேட்கிற தயாரிப்பாளர் மாதிரி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. காலியாக இருக்கும் உங்கள் வார இறுதிகளை ஒரே பக்கத்தில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருங்கள். "எப்போது வேண்டுமானாலும் வருகிறோம்" என்பவரைவிட "ஜனவரி இரண்டாம் வாரம், நவம்பர் மூன்றாம் வாரம், இரண்டில் எது?" என்பவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

மின்னஞ்சல் எழுதினால் சுருக்கமாக எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த ஊரில், திரும்பி வருவது எப்போது, பணம் உண்டா, எந்த ரிங்க். கல்லூரியின் வரலாறும் லட்சியமும் அதில் வேண்டாம்.

பேரம்: பணமா, திரும்பி வருவதா?

நீங்கள் அவர்கள் ஊருக்குப் போய் ஆடினால் ஒரு தொகை தருவார்கள்; கேரண்டி என்பார்கள். புதிய அணிக்கு அந்தப் பணம் இனிக்கும். பேருந்தும் ஓட்டலும் போக மிஞ்சுவதைக் கண்டு நிதி அலுவலகமும் மகிழும். இங்கேதான் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது: முதல் இரண்டு வருஷத்தில் பணத்தைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் உங்கள் ஊருக்கு வரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பலவீனமாக இருக்கும்போது உங்கள் ஊருக்கு வர ஒப்புக்கொள்வது அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. மூன்றாம் வருஷம் நீங்கள் பத்துப் பதினைந்து ஆட்டம் ஜெயிக்கத் தொடங்கியதும் அதே ஆட்கள் நழுவுவார்கள். அப்போது கேட்டால் கிடைக்காது. ஒன்றுக்கு ஒன்று மறுத்தால் இரண்டுக்கு ஒன்று கேளுங்கள்: நாங்கள் இரண்டு வார இறுதி வருகிறோம், நீங்கள் ஒன்று வாருங்கள். அதுவும் முடியாது என்றால் ஒரு ஆட்டம் அவர்கள் ஊரில், மறுநாள் ஆட்டம் உங்கள் ஊரில் என்று பிரிக்கலாம். பேருந்து தூரத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும் இது ஒத்துவரும்.

வெளியூரிலேயே ஆடிக்கொண்டிருந்தால் வரும் இன்னொரு நஷ்டம் உள்ளூர்க் கூட்டம். சொந்த ஊரில் ஆட்டமே இல்லாத அணிக்கு யார் சீசன் டிக்கெட் வாங்குவார்கள்? மாதம் ஒரு வார இறுதியாவது ஊரில் இருக்க வேண்டும். அக்டோபர் தொடக்க ஆட்டத்துக்கு உங்களால் ஜெயிக்க முடிந்த எதிரணியைப் பிடியுங்கள். பென் ஸ்டேட் 2012-இல் தன் முதல் ஆட்டத்தை சொந்த ரிங்கில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் கல்லூரியோடு ஆடி, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. தோல்விதான், ஆனால் பார்த்தவர்கள் அடுத்த நாளும் வருகிற மாதிரியான தோல்வி.

வெளியூர் வெற்றிக்குத் தரவரிசையில் கூடுதல் எடை உண்டு என்பதையும் பேரத்தில் நினைவில் வையுங்கள். ஆர்பிஐ காலத்தில் வெளியூர் வெற்றி 1.2, உள்ளூர் வெற்றி 0.8 என்று கணக்கு. ஆகவே உங்கள் ஊருக்கு வருவதில் பெரிய அணிக்கும் ஓர் ஆதாயம் இருக்கிறது. அதை அவர்களுக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

தேதி, நேரம், இடம் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது வேறு.

ரத்து செய்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முதலில். இந்தத் தொகை, கேரண்டியைவிடக் குறைவாக இருந்தால் ஒப்பந்தத்துக்கு அர்த்தமில்லை. நல்ல வாய்ப்பு வேறு கிடைத்ததும் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பி வரும் ஆட்டத்துக்கு "பிறகு பேசி முடிவு செய்யப்படும்" என்று எழுதாதீர்கள். சீசனையும் மாதத்தையும் எழுதுங்கள். பனிப்புயலில் பேருந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு வரி வேண்டும். ஜனவரியில் இது கற்பனை இல்லை. டிவிக்காக ஆட்ட நேரத்தை மாற்ற எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ஒளிபரப்பு யாருடையது, நடுவர்களை எந்தக் கான்ஃபரன்ஸ் அனுப்பும், அவர்களுக்கு யார் சம்பளம், விருந்தாளிக்கு எத்தனை இலவச டிக்கெட். சமநிலையானால் ஐந்து நிமிடம் மூவர் மூவராக ஆடும் கூடுதல் நேரம் விதியில் உண்டு. அதற்கு மேல் ஷூட்அவுட் வைப்பதா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ரிங்க் உங்கள் சொந்தம் இல்லையென்றால், கையெழுத்துக்கு முன்னால் ரிங்க் மேலாளரிடம் அந்த இரண்டு நாளையும் எழுத்தில் பிடித்துவிடுங்கள். வெள்ளி சனி மட்டுமில்லை. வியாழன் மாலை எதிரணி பயிற்சிக்கும், ஆட்ட நாள் காலை இரு அணிகளின் ஸ்கேட் பயிற்சிக்கும் சேர்த்து. சிறுவர் டோர்னமெண்ட் நடத்துபவர்கள் ஒரு வருஷம் முன்பே ரிங்கைப் பிடித்திருப்பார்கள். அவர்கள் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள், உங்களுக்காக நகர மாட்டார்கள்.

ஓட்டலும் அப்படித்தான். அக்டோபர், நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் சனிக்கிழமை என்றால் அமெரிக்க ஃபுட்பால். விஸ்கான்சின் அணியின் ஊரான மேடிசனிலோ, பென் ஸ்டேட்டின் ஊரான ஸ்டேட் காலேஜிலோ அன்று அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளியூர் ஆட்டத்துக்கு ஒத்துக்கொள்ளும் முன் அந்தக் கல்லூரியின் ஃபுட்பால் அட்டவணையைப் பாருங்கள். உள்ளூர் ஆட்டம் இருந்தால் அறை ஏற்பாடு அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கான்ஃபரன்ஸ் கூப்பிட்டால்

ஒரு நாள் கூப்பிடுவார்கள். அரிசோனா ஸ்டேட்டை 2024-25-இல் என்சிஹெச்சி சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு உங்கள் 34 சட்டென்று 10-ஆகச் சுருங்கும். ஆனால் கையில் நான்கு வருஷத்துக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இருக்கும். பிப்ரவரியில் காப்பாற்றிய தனி அணிகளுக்குக் கொடுத்த வாக்கும் இருக்கும்.

ஆகவே முதல் ஒப்பந்தத்திலிருந்தே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இரு அணிகளில் எது கான்ஃபரன்ஸில் சேர்ந்தாலும், ஒரு முழு சீசன் முன்னறிவிப்போடு, ஜனவரி பிப்ரவரி ஆட்டங்களை அக்டோபருக்கு மாற்றலாம்; அபராதம் இல்லை. ரத்து என்று எழுதாதீர்கள், மாற்றம் என்று எழுதுங்கள். அலாஸ்கா அணிகளோடு எழுதும்போது, அங்கே போய் ஆடும் பயணத்தை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அது 34-இல் சேராததால், கான்ஃபரன்ஸுக்குள் போன பிறகும் அந்த இரண்டு ஆட்டத்துக்கு இடம் இருக்கும்.